கடோவாகி ஹத்சுனோவின் சிவப்புப் பெயர்

ஜூலை ஏழாம் தேதி காலை கடோவாகி ஹத்சுனோ என் கல் கடைக்குள் வந்து நின்றாள். ஒரு கையில் தண்ணீர் வாளி, தோளில் ஈரத் துண்டு. மாதம் தவறாமல் ஏழாம் தேதி புருஷன் கல்லறையைக் கழுவப் போகிறவள். மடத்துப் படி நூற்றிருபது. அதில் இறங்கி நேராக என்னிடம்தான் வந்திருக்கிறாள் என்று மூச்சு வாங்கியதில் தெரிந்தது.

"கன்ஜிரோ அண்ணே, என்னை எப்போ சாகடிச்சீங்க?"

அரவை மெஷினை அணைத்தேன். எனக்கு எழுபத்தாறு வயது, காது மந்தம். ஆனாலும் இது நன்றாகக் காதில் விழுந்தது.

"என்ன பேச்சு பேசுற?"

"பேச்சு இல்ல. மேல போய் பாருங்க. என் பேர்ல சிவப்பைக் காணோம்."

எங்கள் கரையில் புருஷன் செத்தால், கல்லில் அவனுடைய மறுமைப் பெயரை வெட்டும்போதே பக்கத்தில் பெண்டாட்டியின் மறுமைப் பெயரையும் வெட்டிவிடுவோம். மடத்துச் சாமி வைத்துக் கொடுக்கும் பெயர் அது. அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்பதற்காக அவள் எழுத்துகளில் மட்டும் சிவப்பு மை தீட்டி வைப்போம். அவள் செத்து நாற்பத்தொன்பது நாள் முடிவதற்குள் கல்தச்சன் போய் அந்தச் சிவப்பைச் சுரண்டி எடுப்பான். அந்த வேலையை ஐம்பது வருஷமாகச் செய்கிறேன். ஒரு முறைகூடத் தப்பியதில்லை என்று மூன்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

ஜூன் மாதம் கடோவாகி தோமியே செத்தாள். நாகிசே கிராமத்தில் பதினாறு வீட்டுக்கு கடோவாகி என்பதே குடும்பப் பெயர். மடத்திலிருந்து சாமி ஒரு சீட்டில் தோமியேயின் மறுமைப் பெயரை எழுதி அனுப்பினார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே போனேன். நானே வெட்டிய கல்லைச் சீட்டைப் பார்த்தா தேடுவேன்? கடோவாகி என்றிருந்தது, முதல் எழுத்து பொறுமை எழுத்து, சிவப்பும் இருந்தது. உட்கார்ந்து சுரண்டினேன். மழை வரும்போல் இருந்தது, முழங்காலும் வலித்தது. நாலாவது எழுத்தைப் படிக்கவில்லை. தோமியேயின் கல் அதற்கு அடுத்த கல்.

உள்ளேயிருந்து என் மனைவி கினுயே பார்லி டீ எடுத்துக்கொண்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் என்னைப் பார்க்காமல் ஹத்சுனோவைப் பார்த்தே சொன்னாள்: "உசுரோட இருக்கிறவளையே செத்தவளாக்கிட்டாரு. இனி சீக்காளி யாரும் இவரு கண்ணுல படக் கூடாது."

"நாளைக்கே போய் மை தீட்டிடறேன்" என்றேன். "காதும் காதும் வைச்ச மாதிரி முடிஞ்சிடும்."

ஹத்சுனோ டீயைக் குடித்து முடித்தாள். அவசரமே இல்லை அவளுக்கு.

"தீட்ட வேண்டாம் அண்ணே. அந்தப் பேரு செத்தது செத்ததாவே இருக்கட்டும். எனக்கு வேற பேரு வெட்டித் தாங்க."

அந்தப் பெயரின் கதையைச் சொன்னால்தான் அவள் கேட்டது புரியும்.

நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன் நாகிசேயிலிருந்து கணவாய் பிடிக்கப் போன படகு ஒன்று திரும்பவில்லை. ஏழு பேர். எல்லோரும் கல்யாணமானவர்கள். அப்போது நான் சொந்தக் கடை போட்டு இரண்டு வருஷம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, முதலாளியின் கல்லைச் சுமந்து, அடி வாங்கி, யார் தயவும் இல்லாமல் போட்ட கடை. ஏழு கல்லையும் நாற்பது நாளில் ஒற்றை ஆளாக வெட்டி நிறுத்தினேன். கை விரல் நகம் இரண்டு போனது. மாவட்டத்திலிருந்து பெரிய கல்தச்சர்கள் வந்து பார்த்து, யார் வெட்டியது என்று கேட்டார்கள். என் கடைக்குப் பெயர் வந்தது அந்த ஏழு கல்லால்தான்.

அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது. எனக்கு எழுத்து என்றால் கோடு. எந்தக் கோடு ஆழம், எந்தப் புள்ளியில் கல் சில்லு தெறிக்கும், அவ்வளவுதான். பொறுமை எழுத்தை வெட்டுவது சிரமம். மேலே கத்தியின் அலகு, கீழே இதயம். அலகின் மேல் உள்ள சின்னப் புள்ளியில் உளி வழுக்கும். அந்த எழுத்தை ஏழு முறை வெட்டினேன். ஏழு விதவைகளுக்கும் பெரிய சாமி, அதாவது இப்போதைய சாமியின் அப்பா, அதையே முதல் எழுத்தாக வைத்திருந்தார்.

பிறகு நானே ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டு அர்த்தம் படித்தேன். இன்று பள்ளி வாத்தியார்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். செருப்பைக் கழற்றும் முன்வாசலுக்கு எல்லோரும் சொல்லும் சொல்லைப் பிரித்தால் 'ஆழ்ந்தது', 'வாயில்' என்று வரும். ஞானத்துக்குள் நுழையும் வாயில் என்று துறவிகள் வைத்த பெயர், இப்போது அங்கே குடை வைக்கிறோம். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கு என்பதற்குத் தாய்மார் பிள்ளைகளிடம் சொல்லும் சொல் 'நான்', 'செருக்கு' என்ற இரண்டு எழுத்து. சூத்திரத்தில் அது ஒரு குற்றம். கைவிட்டுவிடு என்று நாம் சொல்லும் சொல்லின் எழுத்துக்கு மடத்தில் உண்மை என்று பொருள். இப்படி எத்தனையோ சொல்வேன். படித்தவன் புத்தகத்தில் பார்ப்பதை நான் கருங்கல்லில் பார்த்தேன்.

ஹத்சுனோவின் சிவப்புப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னால்: பொறுமை, அறை, அற்புதம், கற்பு, நம்பிக்கை, பெண். சேர்த்துப் படித்தால், பொறுமை என்னும் அறையில் இருப்பவள், கற்பில் சிறந்த விசுவாசி. அந்த ஏழு பேரில் இன்னொருத்தியான தோமியேவுக்குக் கற்புக்குப் பதில் பணிவு. மற்றபடி அதே பெயர்.

அந்தப் பெயர் வந்தபோது ஹத்சுனோவுக்கு முப்பத்தொரு வயது. மலைக் கிராமத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதல் வருஷம் முழுக்க மீன் வாடையில் வாந்தி எடுத்தாள் என்று ஊர் சிரிக்கும். புருஷன் யசுவோ கெட்டிக்காரன், அதிகம் பேசமாட்டான். ஒன்பது வருஷக் குடித்தனம், ஒரு பெண் குழந்தை. அவன் போன மறு மாதமே கணவாய் கீறும் கொட்டகையில் வேலைக்கு நின்றாள். குளிர்காலத்தில் விரல் வெடித்து, அதில் உப்புத் தண்ணீர் ஏறும். பிறகு விடுதியில் துணி துவைத்தாள். பிறகு பறவை மீனை அரைத்துக் குழலாகச் சுடும் கொட்டகை. எழுபத்து நாலு வயதிலும் அங்கேதான் மத்தியான வேலை. மகளைப் படிக்க வைத்தாள், மகள் ஓசாகாவில் இருக்கிறாள். மாமியார் தொண்ணூற்றேழு வயது வரை இருந்தாள். கடைசிப் பதினொரு வருஷம் படுக்கை.

நடுவில் ஒன்று நடந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அவளுக்கு முப்பத்தாறு வயதில் ஒரு பஸ் டிரைவர், பெண்டாட்டியை இழந்தவன், அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஆள் அனுப்பிக் கேட்டான். நல்லவன், குடிக்கமாட்டான். மாமியார் சத்தம் போடவில்லை, அழவில்லை. ஹத்சுனோவின் கையைப் பிடித்து அந்த நூற்றிருபது படி ஏறி, கல்லின் முன் நிறுத்தி, சிவப்பைக் காட்டினாள். "உன் பேரு இங்க இருக்கு. எங்க போவ?" என்றாள். அவ்வளவுதான். இறங்கி வந்து ஹத்சுனோ அரிசி களைந்தாள்.

அதை வெட்டியவன் நான். அன்று என் கடையில் உட்கார்ந்து அவள் அதைச் சொல்லவில்லை, எனக்குச் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

"பேரை மாத்தறது என் கையில இல்ல ஹத்சுனோ" என்றேன். "கல்லை அசைக்கணும்னா முதல்ல சாமி வந்து ஓதி அதோட கண்ணை மூடணும். வேலை முடிஞ்சதும் கண்ணைத் திறக்கணும். அவர் ஒத்துக்கலைன்னா நான் உளியைத் தொட முடியாது."

"அப்போ வாங்க, கேட்போம். தப்பு பண்ணவரு நீங்கதானே, கூட வந்து நில்லுங்க."

அந்த வெயிலில் ஒரே நாளில் இரண்டாம் முறை படி ஏறினாள் அவள். நான் ஒரு முறை ஏறியதற்கே பாதியில் உட்கார்ந்தேன்.

ரியோஷுன் சாமிக்கு ஐம்பது வயது. அப்பாவைப்போல் அதட்டமாட்டார், ஆனால் அப்பா வைத்ததை அசைக்கவும் மாட்டார். என் தப்பை நானே சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை, தலையை மட்டும் ஆட்டினார். பிறகு ஹத்சுனோ கேட்டதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா, அது லேசான பேரு இல்ல. பொறுமைங்கிறது ஆறு பாரமிதைகள்ல ஒண்ணு. போதிசத்துவர்கள் பழகறது. என் அப்பா உங்களுக்கு உயர்ந்ததைத்தான் கொடுத்திருக்கார்."

"ஆறுல மத்த அஞ்சு என்னங்க சாமி?"

சாமி விரல் விட்டுச் சொன்னார். "தானம், ஒழுக்கம், முயற்சி, தியானம், ஞானம்."

"நாங்க ஏழு பொம்பளைங்க இருந்தோம். ஒருத்திக்காவது ஞானத்தைக் கொடுத்திருக்கக் கூடாதா?"

சாமி விசிறியை எடுத்தார், வீசவில்லை.

"ஆம்பளைங்களுக்கு என்ன வைச்சாரு? அண்ணே, நீங்க சொல்லுங்க, வெட்டினவரு நீங்கதானே."

எனக்கு மனப்பாடம். யசுவோவுக்குக் கடல், ஒளி, வழி, வீரம். இன்னொருவனுக்கு மேகம், அலை. இன்னொருவனுக்குப் பெரிய மௌனம். ஏழு பேருக்கும் ஏழு விதம். சொல்லிக்கொண்டே வந்தபோதுதான் எனக்கே அது உறைத்தது. நாற்பத்து மூன்று வருஷம் அந்த ஏழு கல்லைக் காட்டிப் பெருமை பேசியிருக்கிறேன், ஒரு நாளும் இதைக் கவனித்ததில்லை.

"அப்பா அன்னிக்கு ரொம்ப துக்கத்துல இருந்தார்" என்றார் சாமி மெதுவாக. "ஒரே வாரத்துல பதினாலு பேரு எழுதணும்."

"தெரியும் சாமி. நான் அவரைக் குறை சொல்லலை. அவரு சொன்னபடியே இருந்துட்டேன். ஊரே தாங்கு தாங்குன்னு சொல்ற சொல்லுக்கு சூத்திரத்துல செருக்குன்னு அர்த்தமாமே, இந்த அண்ணன்தான் சொல்லுவாரு. அப்போ நாற்பத்து மூணு வருஷமா நான் பெரிய செருக்குக்காரி. தெரியாமப் போச்சு." அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பை விட்டாள். "எனக்கு அசதியா இருக்கு சாமி. உசுரோட இருக்கிற வரைக்கும் சரி. செத்த பொறவும் அந்த அறையிலயே உக்காரச் சொல்லாதீங்க. அது ஒண்ணுதான் கேக்கறேன்."

வெளியே சிள்வண்டு கத்தியது. சாமி விசிறியைக் கீழே வைத்தார்.

"என்ன எழுத்து வேணும்னு யோசிச்சிட்டு வாங்க" என்றார் கடைசியில். "எனக்கும் சரின்னு பட்டா எழுதித் தரேன். பொருந்தலைன்னா பழசுதான்."

அடுத்த பத்து நாளும் கொட்டகைக்குப் போகும் வழியில் என் கடைக்கு வந்துவிடுவாள். நான் வெட்டிய பெயர்களை எல்லாம் ஒட்டி வைத்த நோட்டுகள் இருபத்தெட்டு. கினுயே பக்கம் புரட்டுவாள், நான் அர்த்தம் சொல்வேன்.

"இது ஒளி. நல்ல எழுத்து."

"கண்ணு கூசும்."

"தாமரை?"

"சேத்துல நின்னு கால் புண்ணானது போதும்."

"தூய்மை. பெரிய வீட்டுப் பொம்பளைங்களுக்கு வைப்பாங்க."

"விடுதி படுக்கை விரிப்பை நூறு நூறா வெளுத்திருக்கேன். அதையும் கூடக் கொண்டு போகவா?"

"உனக்குப் பேரு வைக்கிறதுக்கு அந்தப் படகையே தூக்கி நிறுத்திடலாம்" என்றேன் சலித்துப்போய். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. கினுயே நோட்டை மூடிவிட்டாள். ஹத்சுனோ மட்டும், "அதுவும் முடியும்னா பாருங்க" என்று சொல்லி எழுந்து போனாள்.

அன்று வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். கதவில் ஒரு பலகை தொங்கும். கடை மூடும் நாளில் திருப்பி மாட்டுவோம், மற்ற நாளில் அந்தப் பக்கம் உள்ளே பார்த்துத் தொங்கும். ஊரில் எல்லாக் கடையிலும் அதே பலகைதான், மீன் கடை, முடி வெட்டும் கடை, எல்லாவற்றிலும்.

"அண்ணே, இந்தப் பலகையில நடுவுல இருக்கே, அது என்ன எழுத்து?"

"அதுவா? ஓய்வு. இன்னிக்கு கடை லீவுங்கிறது."

"எப்படிப் போட்டிருக்காங்க?"

"ஒரு மனுஷன், பக்கத்துல ஒரு மரம். சாஞ்சு நிக்கிறான்."

"இது போதும்."

"ஏம்மா, இது லீவு நாள் பலகையில தொங்கற எழுத்து! கல்லறையில போய்..."

"பொறுமைன்னு எழுதறதுக்கு ஒத்துக்கிட்ட கல்லு இதுக்கு ஒத்துக்காதா?"

கினுயே சிரித்துவிட்டாள். "ஓய்வு, அறை. ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருக்கு ஹத்சுனோ அக்கா. டீயும் கிடைக்குமா?"

"வாங்க, நானே போட்டுத் தரேன்."

சாமி சிரிப்பார், இல்லை கோபப்படுவார் என்று நினைத்துத்தான் போனேன். இரண்டும் இல்லை. அந்த எழுத்தைத் தாளில் எழுதி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பெரியவரே, நாங்க வருஷக்கணக்கா சுவத்தைப் பார்த்து தியானத்துல உக்காருறதே இதுக்காகத்தான். தேடறதை நிறுத்திட்டு ஓய்ஞ்சு போறது. பெரிய துறவிங்கதான் இந்த எழுத்தைப் பேருல வைச்சுக்கத் துணிவாங்க." பிறகு தூரிகையைத் தொட்டு அவரே எழுதினார். ஓய்வு, அறை, அற்புதம், அமைதி, நம்பிக்கை, பெண். கற்பை அவராகவே எடுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை.

இதோடு முடியவில்லை. கல்வேலையில் ஒரு விஷயம் இருக்கிறது. வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது. கல்லின் முகம் முழுவதையும் எழுத்தின் ஆழத்துக்கு அரைத்து இறக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் அரைத்தால் கல் குழி விழுந்து அசிங்கமாக இருக்கும், மழைநீர் தேங்கி வெடிக்கும். அவள் பெயர் போக வேண்டுமானால் யசுவோ பெயரும் போக வேண்டும். மறுபடி வெட்டலாம். ஆனாலும் அரைக்கும்போது அவன் பெயர் தூளாகித் தண்ணீரில் ஓடும். இதை அவளிடம் சொல்லாமல் விட முடியுமா? சொன்னேன்.

அதுவரை டக் டக்கென்று பதில் சொன்னவள் வாசல் கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தாள். அந்தக் கல்லறைக்குள் யசுவோவின் எலும்பு கிடையாது. கடல் திருப்பித் தரவில்லை. அவன் முகச்சவரக் கத்தியும் ஒரு ஜோடி கம்பளி உறையும்தான் உள்ளே. அவனென்று அவளுக்கு இருந்தது அந்த நாலு எழுத்துதான், மாதா மாதம் விரலை விட்டுக் கழுவினது.

மத்தியான வேலைக்கு நேரமாகிவிட்டது. கினுயே ஞாபகப்படுத்தினாள். அவள் எழவில்லை.

"அண்ணே, அரைக்கிறப்போ நான் பக்கத்துல இருக்கலாமா?"

"தூசி பறக்கும்."

"இருக்கலாமா?"

"இரு."

"அப்போ அரைங்க. அவரும் நாற்பத்து மூணு வருஷமா வீரமா நின்னுக்கிட்டே இருக்காரு. ஒரு வாரம் பேரு இல்லாம இருக்கட்டும்."

ஜூலை கடைசியில் சாமி வந்து ஓதிக் கல்லின் கண்ணை மூடினார். கிரேன் வண்டியில் இறக்கிக் கடைக்குக் கொண்டுவந்தேன். அதற்கு முன் தோமியே வீட்டுக்குப் போய்த் தலையைத் தரையில் வைத்து மன்னிப்புக் கேட்டு, அவள் சிவப்பைச் சுரண்டினேன், இந்த முறை சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. கன்ஜிரோ கண் போய்விட்டது என்று மீன் சந்தையில் பேசினார்கள். பேசட்டும் என்று இருக்க எனக்குத் தெரியாது, ஆனால் இருந்தேன்.

அரைப்பதற்கு ஒரு நாள் முழுக்க ஆனது. ஹத்சுனோ துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதலில் பொறுமை எழுத்தின் அந்தப் புள்ளி போனது. அதன் கீழே இதயத்தை ஆழமாக வெட்டியிருந்தேன், அது கடைசியில்தான் போனது. அந்தப் பக்கம் கடலும் ஒளியும் போனபோது நான் அவளைப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலை அது. என் கையாலேயே அதைச் சேறாக்கினேன். தோள்பட்டை அன்று விட்டுப்போனது, இன்னும் சரியாகவில்லை.

புதிய எழுத்துகளை மெஷினில் வெட்டவில்லை. உளியால் வெட்டினேன். ஓய்வு எழுத்தில் மனிதன் நிற்கும் கோட்டை மரத்தை விட்டு ஒரு நூல் இடைவெளியில் வைத்தேன். வேறு எவனும் அப்படி வைக்கமாட்டான், தெறித்துவிடும். எனக்குத் தெறிக்கவில்லை. சிவப்பு மையையும் நானே தீட்டினேன்.

செத்தவர்கள் வீடு திரும்பும் ஓபோன் பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு கல்லை ஏற்றி நிறுத்தினோம். சாமி ஓதிக் கண்ணைத் திறந்தார். ஹத்சுனோ முதலில் யசுவோ பக்கத்தைக் கழுவினாள். அவன் எழுத்துகள் ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தாள். "பழையபடியேதான் இருக்கு" என்றாள். பிறகு தன் பக்கம் வந்து ஆறு எழுத்தையும் மேலிருந்து கீழாகச் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டேன். யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை நான்.

"நல்லா இருக்கு அண்ணே. எத்தனை மணி?"

"பதினொண்ணரை."

"ஐயோ. கொட்டகையில பன்னண்டுக்கு அடுப்பு பத்த வைப்பாங்க. உங்க வண்டியில இறக்கி விடறீங்களா?"

"ஏம்மா, இப்பதானே உனக்கு ஓய்வுன்னு வெட்டி வைச்சிருக்கேன்!"

"அது செத்தப்புறம் தானே? ஓபோன் நேரத்துல மீன் குழலுக்கு ஆர்டர் குவியும், ஆளே இல்ல. வாங்க, வாங்க."

நூற்றிருபது படியும் அவள் முன்னால் இறங்கினாள், நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால். கொட்டகை வாசலில் இறக்கிவிட்டேன். தலைத்துணியைக் கட்டிக்கொண்டே புகைக்குள் போனாள்.